ஒரு தடவை எனக்கு, ஒரு தடவை கேமராவுக்கு

எங்கள் தெருவில் அண்ணனுக்கு ‘இன்னொரு தடவை’ என்றுதான் பெயர். புதிதாக வந்த தபால்காரர் ஒருமுறை உறையில் இருந்த பெயரைக்கூடப் பார்க்காமல், “இன்னொரு தடவை வீடு இதானே?” என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றார். அண்ணி கதவைத் திறந்து, “இதேதான். ஆனா கடுதாசிய ஒரு தடவை குடுத்தா போதும்” என்றார்.

அந்தப் பெயரை அண்ணன் கேலியாக எடுத்துக்கொண்டதில்லை. செய்கிற தொழிலை வைத்துக் கூப்பிடுகிறார்கள், இதில் என்ன தப்பு என்பார். பிறகு ஒரு வருடம் வந்தது. அதற்கப்புறம் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் அவர் முகம் செத்துவிடும். ஏன் என்று தெரிந்தவர்கள் அண்ணனும் அண்ணியும் நானும்தான். நான்காவதாகத் தெரிந்திருக்க வேண்டியவர் ஒருவர் இருந்தார். வாளிக்காரர் என்று வீட்டில் சொல்வோம். அவரிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தைச் சொல்லாமலே அண்ணன் போய் ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் வாளிக்காரரும் போய்விட்டார். இனி இதை எழுதுவதால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. அதனால்தான் எழுத முடிகிறது.

அண்ணன் படம் எடுப்பவர். கதை கிடையாது, பாட்டு கிடையாது. வேலை செய்கிற மனிதர்களை வேலை செய்கிற இடத்திலேயே போய் எடுத்து வருவார். இப்போது ஆவணப்படம் என்று கௌரவமாகச் சொல்கிறார்கள், கல்லூரியில் பாடமாகக்கூட வைத்திருக்கிறார்கள். அப்போது அது துண்டுப்படம். தியேட்டரில் பெரிய படம் தொடங்குவதற்கு முன்னால் பத்து நிமிடம் ஓடும். ஜனங்கள் இருட்டில் இடம் தேடுவதும், பிள்ளையைச் சமாதானம் செய்வதும், முன்வரிசைக்காரரின் உயரத்தைத் திட்டுவதும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். அதை எடுக்க அண்ணனுக்கு மூன்று நான்கு மாதம் ஆகும்.

அவர் ஆரம்பித்தது ஒரு போட்டோ ஸ்டூடியோவில். ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து, முகவாயைக் கொஞ்சம் நிமிர்த்தி, “அசையாதீங்க” என்று சொல்வது அவர் வேலை. ஏழு வருடம் அதைச் சொன்னார். ஒருநாள் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாராம். என்ன செய்தும் குழந்தை சும்மா இருக்கவில்லை. படத்தில் அதன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் புகைதான் இருந்தது. அண்ணன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அதை நீட்டியபோது, அந்தப் பெண் பார்த்துவிட்டு, “இவன் இப்படித்தான் சார்! ஒரு நிமிஷம் ஒரு இடத்துல இருக்க மாட்டான்” என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனாராம். “அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போதுதான் யோசிச்சேன். ஏழு வருஷமா ஆளுங்களை நிறுத்திவெச்சுப் பிடிச்சிட்டிருக்கேனே, அவங்க நிக்கிறவங்களே இல்லையேன்னு” என்பார் அண்ணன்.

ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த நில அளவையாளர் ஒருவரிடம் படம் பிடிக்கும் கேமரா ஒன்று இருந்தது. அண்ணன் தன்னுடைய பெட்டிக் கேமராவையும் அதன் மரக்காலையும் கொடுத்துவிட்டு அதை வாங்கி வந்தார். சாவி கொடுத்தால் ஓடுகிற கேமரா. சுவர்க் கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோல, பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியை இறுகும்வரை சுற்ற வேண்டும். முழுதாகச் சுற்றினால் அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். கடைசியில் வில் தளர்ந்து கேமரா மெதுவாகிவிட்டால், திரையில் ஆட்கள் வெறிபிடித்தவர்கள்போல் விறுவிறுவென்று ஓடுவார்கள். அந்தத் துண்டு குப்பைக்குத்தான்.

எடுத்தது சரியாக வந்திருக்கிறதா என்று அந்த இடத்திலேயே தெரிந்துகொள்ள வழி கிடையாது. சுருளை டப்பாவில் அடைத்து ரயிலில் லேபுக்கு அனுப்ப வேண்டும். கழுவி, நகல் போட்டு, திரும்பி வரப் பதினைந்து நாள். எடுத்தது கப்பலை என்றால், அதற்குள் அது துறைமுகத்தைவிட்டுப் போயிருக்கும்.

தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் திறப்பு விழாவை எடுக்கச் செய்தித்துறை அவரைக் கூப்பிட்டது. நாள் முழுக்க எடுத்தார். உள்ளே பிலிம் பல்சக்கரத்திலிருந்து நழுவியிருந்தது அவருக்குத் தெரியாது. வெளியே கேமரா ஓடும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தது. பதினைந்து நாள் கழித்து எல்லோரும் உட்கார்ந்து பார்த்தபோது, திரையில் மேலிருந்து கீழே ஓடும் வெள்ளைக் கோடுகள் மட்டும். துறை அதிகாரி கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “ஏன்யா, ஆஸ்பத்திரிக்குள்ள மழையா பெய்யுது?” என்று கேட்டார். அறை முழுக்கச் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். வீட்டுக்கு வந்து கேமராவைப் பிரித்து, இரண்டு நாள் அந்தப் பல்சக்கரத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து எல்லாம் இரண்டு தடவை. மூட்டை தூக்குகிறவர் மறுபடியும் தூக்க வேண்டும். ரயிலுக்குக் கொடி காட்டுகிறவர், ரயில் போன பிறகு வெறும் தண்டவாளத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். யாராவது முகத்தைச் சுளித்தால், “கோச்சுக்காதீங்க. அது எனக்கு, இது கேமராவுக்கு. இன்னும் ஒரே ஒரு தடவை” என்று கெஞ்சுவார். அவர் கெஞ்சினால் மறுக்க முடியாது. அண்ணி சொல்வார்: “நல்லவேளை, கல்யாணத்தன்னைக்கு இவர் கையில கேமரா இல்ல. இருந்திருந்தா இன்னும் அந்தக் கல்யாணமே முடிஞ்சிருக்காது.”

நான் பட்டம் வாங்கி, ஆசிரியை வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். “சும்மாதானே இருக்கே வாத்தியாரம்மா, இந்தப் பத்துச் சுருளையும் வரிசைப்படுத்திக் குடேன்” என்றார் அண்ணன். வேலைக்குப் பதில் வரவேயில்லை. நானும் அந்த அறையைவிட்டு வெளியே வரவில்லை. வாத்தியாரம்மா என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சமையலறைக்குப் பின்னால், முன்பு குளியலறையாக இருந்த அறை அது. ஜன்னலுக்குக் கறுப்புத்தாள் ஒட்டியிருக்கும். மேசையின் இரண்டு பக்கமும் சுருள் மாட்டிச் சுற்றுகிற கைப்பிடிகள், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியில்தான் படம் ஓடும். சுவருக்குச் சுவர் கட்டிய கயிற்றில் பிலிம் துண்டுகள் கிளிப்பில் தொங்கும். ஒட்டுகிற பசைக்கு ஒரு வாடை உண்டு. “அழுகின வாழைப்பழம் மாதிரி நாறுதே, இதுதான் உங்க அண்ணனோட கலையா?” என்று அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு டீயை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார்.

பால் பண்ணையில் புட்டி கழுவும் பெண்களை எடுத்த கதையை அண்ணி எத்தனை தடவை கேட்டாலும் சிரிப்பார். முதல்நாள் சும்மா போய்ப் பேசிவிட்டு வந்தார் அண்ணன். மறுநாள் கேமராவோடு போனால், அத்தனை பேரும் கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல் உடுத்தி, பவுடர் பூசி வரிசையாக நிற்கிறார்கள்.

“நேத்து எப்படி இருந்தீங்களோ அப்படியே வாங்கம்மா!”

“நல்லா இருக்கே! நேத்து மாதிரி வந்தா, எங்க மாமியார் தியேட்டர்ல பார்த்துட்டு, பரட்டத்தலையோட ஊர் முன்னாடி நிக்கிறியான்னு கேக்க மாட்டாங்களா?”

அந்தப் படத்தை வெட்டி ஒட்டும்போதுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. முதல் தடவையில் ஒரு பெண் புட்டியைக் கழுவுகிறாள். இரண்டாம் தடவையில் அதே பெண், புட்டி கழுவும் தன்னைப்போலவே செய்து காட்டுகிறாள். கை ஒன்றுதான், வேலை ஒன்றுதான். முகம் மட்டும் மாறிவிடுகிறது. அண்ணனிடம் சொன்னேன்.

“முதல் தடவைதான் எப்பவும் நல்லா இருக்கு. பத்துல ஒன்பது தடவை நான் அதைத்தான் எடுத்து ஒட்டறேன். எதுக்கு எல்லாரையும் இரண்டாந்தடவை படுத்தறீங்க?”

“நீ படிச்சவ, தைரியமாப் பேசறே. நான் ஆஸ்பத்திரிக்குள்ள மழை பெய்ய வெச்சவன்.”

இந்தப் பேச்சு எங்களுக்குள் வருடக்கணக்கில் நடந்தது. சிரித்துக்கொண்டேதான் நடந்தது.

பிறகு பாலம் வந்தது. ஆற்றின் குறுக்கே இரும்பில் கட்டிய பெரிய பாலம். அதைக் கட்டும் வேலையை எடுக்கும் பொறுப்பைச் செய்தித்துறை அண்ணனிடமே கொடுத்தது. இரண்டு வருடம் போய்ப்போய் எடுத்தார். இரும்புச் சட்டங்களை ரிவிட் என்ற தடித்த ஆணி அடித்துத்தான் சேர்ப்பார்கள். நான்கு பேர் ஒரு கூட்டு. ஒருவர் உலையில் ரிவிட்டைப் பழுக்கக் காய்ச்சி, இடுக்கியால் எடுத்து வீசுவார். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, சட்டத்தின்மேல் நிற்கிற ஒருவர் அதைத் தகர வாளியில் பிடிப்பார். மற்ற இருவர் அதைத் துளையில் செருகி அடிப்பார்கள். அந்த வாளியில் பிடிப்பவர்தான் எங்கள் வாளிக்காரர். சின்ன உருவம், பூனைபோல நடை. ஒவ்வொரு ரிவிட்டையும் பிடித்த பிறகு ஒரு சிரிப்புச் சிரிப்பார், அதுதான் முதல் தடவை என்பதுபோல.

“படக்காரரே, நான் தவறவிட்டு நீங்க பார்த்திருக்கீங்களா?” என்று மேலேயிருந்து கத்துவார்.

“இல்லையே!”

“பார்க்க முடியாது. தவறவிட்டா கீழ நிக்கிற உங்க தலையிலதான் விழும்!”

வீசும் ரிவிட்டிலிருந்து பொறி பறப்பது சாயங்கால வெயில் சரிந்த பிறகுதான் படத்தில் தெரியும். அதற்காக ஒருநாள் அண்ணன் மதியத்திலிருந்து காத்திருந்தார். எந்தச் சுருளில் என்ன எடுத்தோம் என்று குறிப்பு எழுத நானும் போயிருந்தேன். மேலே பலகைத் தளம் ஒன்றில் கேமராவை முக்காலியில் நிறுத்தி, வாளிக்காரருக்கு நேராக வைத்திருந்தார். வெயில் சரிந்தது. உலைக்காரர் வீசினார். பொறிகள் வளைவாகப் பறந்தன. வாளியில் ‘டங்’ என்று விழுந்தது. வாளிக்காரர் சிரித்தார். நான் நோட்டில் ‘நன்று’ என்று எழுதினேன்.

அண்ணன் கேமராவில் காதை வைத்துக்கொண்டிருந்தார். “கடைசியில வில்லு தளர்ந்த மாதிரி இருந்துச்சு” என்றார்.

“இல்லண்ணா. சத்தம் சரியாத்தான் இருந்துச்சு.”

“ஆஸ்பத்திரியிலயும் சத்தம் சரியாத்தான் இருந்துச்சு.”

அதற்குள் வேலை முடிந்த விசில் ஊதிவிட்டார்கள். உலைக்காரர் நெருப்பைத் தணிக்கத் தொடங்கியிருந்தார். அதில் ஒரே ஒரு ரிவிட் எடுக்கப்படாமல் கிடந்தது. அண்ணன் இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு கூப்பிட்டார்.

“இன்னும் ஒரே ஒரு தடவை!”

“விசில் ஊதியாச்சு படக்காரரே, வீட்டுல தேடுவாங்க” என்றார் வாளிக்காரர். பிறகு வாளியை எடுத்தார். “சரி, உங்களுக்காக. சீக்கிரம் சாவி குடுங்க.”

அண்ணன் முழுதாகச் சுற்றினார். கேமராவை ஓடவிட்டு, கையை எடுத்தாலும் ஓடும்படி பொத்தானைப் பூட்டினார். உலைக்காரர் அந்த ரிவிட்டை எடுத்தார். அது நெருப்பில் அதிகநேரம் கிடந்து, வெள்ளையாகப் பழுத்து, மேலே செதில் வெடித்துக்கொண்டிருந்தது. வீசினார். வாளிக்காரர் பிடித்தார். அவர் தவறவிடவில்லை. ‘டங்’ என்று விழுந்த அந்த வேகத்தில் ஒரு செதில் தெறித்து, குனிந்திருந்த அவருடைய வலது கண்ணில் போய் விழுந்தது.

கண் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு அண்ணன் தினமும் போனார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, கட்டுப்போட்ட முகத்தோடு படுத்திருந்த வாளிக்காரர் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: “படம் நல்லா வந்துச்சா?”

“லேபுக்குப் போயிருக்கு” என்றார் அண்ணன்.

பதினைந்தாம் நாள் டப்பா வந்தது. அண்ணன் அறைக்குள் வரவில்லை. அடுப்படியில் அண்ணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் சுருளை மாட்டிச் சுற்றினேன். முதல் தடவை எடுத்தது கண்ணாடியில் ஓடியது. ரிவிட் பறந்து வந்தது, விழுந்தது, அவர் சிரித்தார். சிரித்து முடித்து வாளியைத் தோளில் மாட்டுவதுவரை இருந்தது. வில் தளரவேயில்லை. அதற்குமேல் சரியாக எதையும் எடுத்துவிட முடியாது. அடுத்ததையும் பார்த்தேன். பார்த்துவிட்டு விளக்கை அணைத்தேன்.

வெளியே வந்தபோது அண்ணன் கேட்டார்: “முதல்ல எடுத்தது… கடைசியில தளர்ந்துதானே இருக்கு?”

அவர் கேட்ட விதத்திலேயே, என்ன பதில் வேண்டும் என்பது இருந்தது. ஆமாம், கடைசி ஒரு நொடி கெட்டிருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால், அவர் இரண்டாந்தடவை கேட்டது அவசியமாகிப்போயிருக்கும். வருத்தம் இருந்திருக்கும், ஆனால் தாங்கக்கூடிய வருத்தமாக இருந்திருக்கும். பிலிம் விஷயத்தில் நான் அவரிடம் பொய் சொன்னதே இல்லை.

“முதல் தடவையே சரியா இருக்குண்ணா” என்றேன்.

அண்ணி அடுப்பிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

அடுத்தநாளிலிருந்து அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. “போய் என்னன்னு சொல்றது? சும்மா கேட்டேன், தேவையே இருக்கலைன்னா?” என்றார்.

“அதையே சொல்லுங்க. திட்டினா வாங்கிக்குங்க. சொல்லாம வெச்சுக்கிட்டா அது உள்ள உக்காந்துக்கும்” என்றார் அண்ணி.

“சொல்லணும். சொல்றேன்.”

படத்தில் அந்த இடமே வேண்டாம், வெட்டிவிடு என்று அண்ணன் என்னிடம் சொன்னார். அண்ணிதான் தடுத்தார். “அந்த மனுஷன் தியேட்டருக்குப் போய்த் தன்னைத் தேடுவாரு. அதுவும் இல்லைன்னா என்ன நினைப்பாரு?” அதனால் முதல் தடவை எடுத்ததைச் சேர்த்தேன், சிரிப்போடு முடியும்படி. மீதித் துண்டைக் காட்டி அண்ணன், “இதை எரிச்சிடு. என் கண்ணுல படக் கூடாது” என்றார். சரி என்றேன். எரிக்கவில்லை. சின்ன டப்பாவில் போட்டு, ‘வெற்றுப் பிலிம்’ என்று எழுதி, என் துணிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

பாலம் படம் நன்றாக ஓடியது. பாராட்டி நாலு வார்த்தை பத்திரிகையில் வந்தது. அண்ணன் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் இரண்டாந்தடவை கேட்டதில்லை. வந்தது வந்ததுதான். ஒருவர் ஏணியில் ஏறத் தொடங்குவார், வில் தீர்ந்துவிடும், அவர் உச்சிக்குப் போனதைப் படம் பார்க்காது. “என்னய்யா, நடுநடுவே எலி கடிச்ச மாதிரி இருக்கு” என்றார் அதிகாரி. கொஞ்சம் கொஞ்சமாகப் படம் எடுக்கக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கடைசியில் செய்தித்துறையின் படப்பெட்டி அறையில், டப்பாக்களை எண் பார்த்து எடுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. ஓய்வுபெறும்வரை அதைச் செய்தார்.

வாளிக்காரர் எங்கே இருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும். பாலம் படம் ஓடிய நாட்களில் அவர் மார்க்கெட் பக்கத்துத் தியேட்டருக்குத் தினமும் போய் நின்றாராம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, பெரிய படம் தொடங்கும்போது எழுந்து வந்துவிடுவாராம். மேனேஜர் அவரை வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலைக்கு வைத்துக்கொண்டார். அண்ணன் சில மாதங்களுக்கு ஒருமுறை சட்டை மாற்றிக்கொண்டு, சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்புவார். திரும்பி வரும்போது கையில் காய்கறி இருக்கும்.

“சொல்லிட்டீங்களா?” என்பார் அண்ணி.

“கூட்டமா இருந்துச்சு.”

இப்படிப் பதினோரு வருடம் போயிற்று. ஒருநாள் மதியம், “நீயும் வா வாத்தியாரம்மா. நான் சொல்லலைன்னா நீ சொல்லிடு” என்றார். போனோம்.

காட்சி தொடங்க இன்னும் நேரம் இருந்தது. வாளிக்காரர் கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்து டார்ச் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. வலது கண் இருந்த இடம் மூடியிருந்தது. அண்ணனைப் பார்த்ததும் எழுந்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

“படக்காரரே! இத்தனை வருஷம் எங்க போயிட்டீங்க? ஏய், யார் வந்திருக்காங்க பாரு, பாலம் எடுத்தவரு!”

டிக்கெட் ஜன்னலில் இருந்தவர் தலையை நீட்டினார். “ஐயா, தயவுசெஞ்சு இவர்கிட்ட பாலத்தைப் பத்திப் பேசாதீங்க. எங்களுக்கெல்லாம் மனப்பாடம். பெரிய படத்தோட பெட்டி வர லேட்டானா, கிடக்குதேன்னு அந்தப் பழைய பாலத்தைப் போடுவோம். ஜனங்க, பாலத்தைப் போட்டுட்டான்டான்னு கத்துவாங்க. இவர் மட்டும் டிக்கெட்டை விட்டுட்டு உள்ள போய் நின்னுக்குவாரு.”

“நிக்காம?” என்றார் வாளிக்காரர். அண்ணனின் கையை அவர் இன்னும் விடவில்லை. “எத்தனை தடவை பார்த்திருக்கேன் தெரியுமா? வாளியில விழும். நான் சிரிப்பேன். அத்தோட வெட்டிட்டீங்க. அடுத்த நொடி கண்ணு போகுது. உள்ள உக்காந்திருக்கிற ஒருத்தனுக்கும் அது தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும்.” குரலைத் தணித்துக்கொண்டார். “கண்ணு போன புதுசுல, சும்மா போச்சேன்னு அழுதிருக்கேன். படத்தைப் பார்த்த பிறகுதான் மனசு ஆறுச்சு. சும்மா போகலையே. நீங்க கேட்ட அந்த ஒரு பிடி கிடைச்சுதுல்ல?”

அண்ணன் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான், கிழித்த டிக்கெட்டுகள் போடும் மரப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பச்சையும் மஞ்சளுமாகப் பாதிப் பாதி டிக்கெட்டுகள் கிடந்தன.

“கிடைச்சுது” என்றார் அண்ணன்.

காபி வரவழைத்துக் கொடுத்தார் வாளிக்காரர். குடித்துவிட்டு நடந்தோம். “நீ ஏன் சொல்லல?” என்றார் அண்ணன். “நீங்க ஏன் சொல்லல?” என்றேன். மூன்று தெரு தாண்டிய பிறகு, “இன்னொரு தடவை வந்து சொல்லணும்” என்றார். அந்த வார்த்தையைப் பாலத்துக்குப் பிறகு அவர் வாயால் நான் கேட்டது அன்று ஒருமுறைதான். அவர் மறுபடி போகவில்லை.

அண்ணன் இறந்த அன்று வாளிக்காரர் தியேட்டர் சட்டையோடு வந்து, தலைமாட்டில் நின்றுவிட்டுப் போனார். பத்து நாள் கழித்துத் தனியாக வந்தார். அண்ணி உள்ளே படுத்திருந்தார். நான்தான் நாற்காலி போட்டேன். அவர் உட்காரவில்லை.

“அந்தப் பாலத்தை வெட்டி ஒட்டினது நீங்கதானேம்மா?”

“ஆமாம்.”

“அன்னைக்கு ரெண்டு தடவை பிடிச்சேன். படத்துல இருக்கிறது ரெண்டாவதுதானே?”

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். “ஒண்ணுமில்ல. உங்க அண்ணன் தியேட்டருக்கு வந்தப்ப, ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு. சொல்லாமலே போயிட்டாரு. அதுலேருந்து படம் பார்க்கிறப்பல்லாம் ஒரு யோசனை, ரெண்டாவதைப் பிடிச்சப்ப நான் சிரிச்சேனான்னு. அதான், உங்களுக்குத்தான் தெரியும்னு கேக்க வந்தேன். மிச்சத் துண்டு ஏதாவது இருக்கா?”

“ரெண்டாவதுதான். மிச்சத்தை அப்பவே எரிச்சாச்சு” என்றேன்.

அவர் இருந்த ஒரு கண்ணால் என்னைச் சற்றுநேரம் பார்த்தார். “அப்படின்னா சரி” என்றார். நம்பினாரா, நம்பியதாக இருக்கட்டும் என்று விட்டாரா, தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, படியைக் காலால் தடவிப் பார்த்து இறங்கினார். உண்மை தெரிய வேண்டும் என்றுதான் அந்த மனிதர் அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாரோ என்ற எண்ணம், அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு வந்தது. ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தது. மார்க்கெட்டுக்கு வாரம் ஒருமுறை போகிறேன், தியேட்டர் வழியாகத்தான் போகிறேன். அண்ணனைப்போலவே காய்கறியோடு திரும்பி வந்தேன்.

அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டிய பொய்யை, சொல்லக் கூடாத ஆளிடம் போய்ச் சொல்லிவைத்தேன் என்று அண்ணியிடம் ஒருநாள் சொன்னேன். அவர், “அந்த டப்பாவை ஏன் எரிக்கல?” என்று மட்டும் கேட்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. காரணத்தை அவரிடமும் சொல்லவில்லை.

இன்றைக்கு அதை எடுத்து மாட்டிப் பார்த்தேன். பிலிம் சுருங்கி, கைப்பிடி திணறித் திணறிச் சுற்றுகிறது. ரிவிட் வருகிறது, விழுகிறது. வாளிக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு மடங்குகிறார். வாளி சட்டத்தில் உருண்டு விளிம்பில் நிற்கிறது. கேமராவை யாரும் நிறுத்தவில்லை, அது பாட்டுக்கு ஓடுகிறது. அப்போது இடதுபக்கத்திலிருந்து சட்டைநுனி பறக்க ஒரு ஆள் ஓடி வருகிறார். நமக்கு முதுகுதான் தெரிகிறது. ஒரு அடி அகலமுள்ள இரும்புச் சட்டம், கீழே ஆறு. உயரம் என்றால் மாடிப்படியிலேயே கைப்பிடியை விடாதவர், கையை விரித்துக்கொண்டு அதன்மேல் ஓடுகிறார். வாளிக்காரரின் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறார்.

அண்ணன் எடுத்த படங்களில் அண்ணன் இருக்கிற இடம் அது ஒன்றுதான். திரும்பிப் பார்ப்பார் பார்ப்பார் என்று ஒவ்வொரு தடவையும் காத்திருக்கிறேன். அதற்குள் வில் தளர்ந்து, இரண்டு பேரும் வெறிபிடித்ததுபோல் விறுவிறுவென்று அசைகிறார்கள். பிறகு வெள்ளை.